ஈரம் புலராது காத்தல்

சித்திரை 26, வெள்ளி

உழைத்துக் களைத்த தோழர்களே, உடன்பிறந்தாரே, தாய்மார்களே,

நம் தோழர் மாசிலாமணி எரிந்து மாண்டு இரண்டு நாள் ஆகிறது. ஏழாம் எண்ணெய்க் கலனின் வாயிலில், பட்டப்பகலில், கத்திரி வெயிலில் மாண்டார். பழியை யார் தலையில் ஏற்றியிருக்கிறார்கள்? நீர்க்குழாய் பிடிக்கும் தேசப்பன் தலையில். அவர் பீடி பற்றவைத்தாராம், பொறி பறந்ததாம், கலன் எரிந்ததாம். தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும் கருஞ்சேற்றை மூன்று நாள் கலன் வாயிலில் குவித்து வைத்துவிட்டு, ஏழை ஒருவனின் உதட்டில் பீடியைச் செருகுகிறது நிறுவனம். கேட்கிறேன்,

இவ்வளவு எழுதியபின் கை நின்றுவிட்டது. ‘கேட்கிறேன்’ என்ற சொல்லுக்குப் பிறகு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. முப்பத்தோராண்டு மேடையில் அச்சொல்லுக்குப் பின் ஒருநாளும் நின்றதில்லை. ஞாயிறன்று இரங்கல் கூட்டம். அதற்குள் எழுதிவிடலாம்.

மாலையில் தண்ணீர் வண்டி வந்தது. எட்டுக் குடம் பிடித்தேன்.

சித்திரை 27, காரி

காலையில் மகள் நிறைமதி வாளியுடன் வந்து நின்றாள். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை அவள். விடுமுறையானதால் வீட்டிலிருக்கிறாள்.

"அந்த வெள்ளைச் சட்டையக் குடுங்க, ஊறப் போடணும்."

"இருக்கட்டும்."

"புதன்கிழமை போட்டது. புகை நாத்தம் அடிக்குது."

"இருக்கட்டும் என்றேன்."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சட்டை ஆணியில் தொங்குகிறது.

இரங்கல் உரை வராததால் பழைய தாள்களைப் புரட்டினேன். நான்காண்டுகளுக்கு முன் நிறுவனத்தின் ஆங்கில எச்சரிக்கையை நான் தமிழாக்கிய படி கிடைத்தது. ‘கச்சா எண்ணெயில் கலந்துள்ள கந்தக வளி, உயிர்வளி புகாத கலனின் உட்சுவரில் படிந்த துருவைத் தாக்குகிறது. அதனால் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கரிய பொருள் ஒன்று விளைகிறது. ஈரமாக இருக்கும்வரை அது உறங்கும். உலர்ந்து காற்றுப்பட்டால் உயிர்வளியை விரைந்து ஈர்த்துக் கொதித்துத் தானே கனலும். ஆகவே, அகற்றிய கருஞ்சேற்றின் ஈரம் புலராது காத்தல் இன்றியமையாதது.’

அதைப் பலகையில் எழுதி மாட்டிய அன்று தேசப்பன் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"தலைவரே, இத படிச்சா தண்ணி ஊத்தணும்னு தோணல. கற்பூரம் ஏத்தணும்னு தோணுது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றே நினைவு. மறுநாள் பார்த்தபோது பலகையின் அடியில் சுண்ணக்கட்டியால் யாரோ எழுதியிருந்தார்கள்: ‘காயவுட்டா எரியும். தண்ணி ஊத்து.’ மாசிலாமணியின் கையெழுத்து. ‘த’ வின் வால் மட்டும் வரிக்குக் கீழே இறங்கி நிற்கும். அதை அழிக்கச் சொன்னேன். மழை வந்து அழிக்கும்வரை யாரும் அழிக்கவில்லை.

சித்திரை 28, ஞாயிறு

இரங்கல் கூட்டம் நடந்தது. ஒலிவாங்கியின் முன் நின்று "தோழர் மாசிலாமணி" என்றேன். பிறகு அமர்ந்துவிட்டேன். துயரத்தால் பேச்சு வரவில்லை என்று மக்கள் நினைத்தார்கள். ஒருவர் சோடா கொடுத்தார். துயரம் இருந்ததா என்று இரவு உணவின்போது எண்ணிப் பார்த்தேன். கை சோற்றைப் பிசைந்தது, வாய் மென்றது, அவ்வளவே தெரிந்தது.

சித்திரை 29, திங்கள்

ஒன்பது மணிக்குத் தேசப்பன் வந்தார். உள்ளே வாருங்கள் என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார்.

"நா பீடிய வுட்டு நாலு வருசம் ஆவுது தலைவரே. டாக்டரு எக்ஸ்ரே படத்தத் தூக்கிக் காட்டி, இன்னும் ஒண்ணு இழுத்தீனா இந்தப் படத்துக்கு மாலதான்னாரு. அன்னிலேர்ந்து வெறும் பாக்குதான். எம் பொண்டாட்டிய கேளுங்க."

"தெரியும்."

"விசாரண ஆபீசரு, பன்னெண்டரைலேர்ந்து ஒண்ணேகாலு வரிக்கும் நீ எங்க இருந்தன்னு கேக்குறாரு. நா கக்கூசுக்குப் போனேன்னு சொல்லிட்டேன்."

"முக்கால் மணி நேரமா?"

"வயிறு செரியில்லன்னேன். அதுக்கு அந்தாளு, கக்கூசுல குந்திக்கினு பீடிதான இழுத்தன்னு எழுதிக்கினாரு." சிரித்தார். பல்லில் பாக்குக் கறை. "மீட்டிங்குல இருந்தேன்னு நா சொல்லல தலைவரே. சொன்னா உங்க பேரு வரும், சங்கத்துக்கு அசிங்கம். சொல்லுன்னா சொல்றேன். வேணாம்னா சாவுற வரிக்கும் சொல்ல மாட்டேன்."

அன்று நான் பேசிய வாயிற்கூட்டத்துக்கு வந்தவர்கள் இருநூறு பேர். தேசப்பன் அங்கிருந்ததை அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதை இன்றுதான் உணர்ந்தேன்.

நிறைமதி மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுக் குவளையைத் தாமே கழுவிக் கவிழ்த்தார்.

"வர்ற திங்கக்கெழம மூணு மணிக்குக் கடைசி விசாரண. அதோட முடிச்சிருவானுங்க. போலீசுக்கு அனுப்புறதா, வேலைய மட்டும் புடுங்குறதான்னு அன்னிக்குத் தெரியும்."

சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை.

சித்திரை 30, செவ்வாய்

மாசிலாமணியின் மனைவி கன்னியம்மாளைப் பார்க்கக் கழிமுகக் கரைக்குப் போனேன். உறவினர் தடுத்தும் கேளாமல் இறால் தடவச் சேற்றில் இறங்கியிருந்தாள். இடுப்பளவு நீரில், பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவினாள். என்னைக் கண்டதும் கரையேறிப் பறியைக் கீழே வைத்தாள்.

"வூட்ல குந்திக்கினு இன்னாண்ணே பண்றது? வர்றவங்களுக்கு டீ வச்சே கை ஓஞ்சிபோச்சு."

முழங்கைவரை கருஞ்சேறு. அழுகிய முட்டையின் நாற்றம். கலனில் விளையும் அதே பொருள்தான் இங்கும் விளைகிறது. மக்கிய இலைதழைகளுக்கிடையே வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரின் உப்பிலிருந்து கந்தக வளியை உண்டாக்குகின்றன. அது மண்ணிலுள்ள இரும்பைக் கறுப்பாக்குகிறது. இந்தக் கழிமுகம் முழுவதும் நீருக்கடியில் அது கிடக்கிறது. யாரையும் எரித்ததில்லை. நீர் அதை விட்டு நீங்குவதேயில்லை.

பேசிக்கொண்டிருக்கையில் அவள் கையில் இருந்த சேறு வெயிலில் உலர்ந்து, விளிம்பிலிருந்து மெல்லத் துருவின் நிறமாக மாறியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அவரு மீட்டிங்குலேர்ந்து ஏந்து போறப்ப எல்லாரும் சிரிச்சாங்களாமே. எதுக்கு?"

"யார் சொன்னது?"

"சிரிச்சவங்கதான் வந்து சொல்லி அழுவுறாங்க. நீ இன்னாமோ ஜோக்கு சொன்னியாம். இன்னா ஜோக்குன்னு கேட்டா வாயே தொறக்க மாட்றாங்க."

மறந்துவிட்டது என்றேன்.

"ஞாபகம் வந்தா சொல்லு" என்று மீண்டும் நீரில் இறங்கினாள்.

சித்திரை 31, அறிவன்

நகம் வெட்டினேன். எரிவளி உருளை வந்தது.

வைகாசி 1, வியாழன்

சங்கச் செயலாளர் திருவரசு வந்தார். இருபதாண்டாக என் மேடைகளுக்கு ஒலிபெருக்கி கட்டி, கூட்டம் திரட்டி, என்னை நேரத்துக்கு வண்டியேற்றிவிடுபவர். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"தலைவரே, அன்னிக்குப் பேசுனது எங்கிட்ட மட்டும்தான் ரெக்கார்டு ஆயிருக்கு. வேற எவனும் எடுக்கல, விசாரிச்சிட்டேன். நாப்பத்தேழு நிமிசம். கடைசில சங்கு ஊதுறதோட முடியுது. முப்பத்தாறாவது நிமிசத்துல ஒரு எடம் வருது. நீங்க ம்னு சொன்னா அழிச்சிட்றேன்."

நான் ம் என்று சொல்லவில்லை.

"மேனேஜரோட ஆளு நேத்து வந்தான். சேறு மூணு நாளு அங்கயே கெடந்தத நாம பேசக் கூடாது. கால் மணி நேரம்னு சொன்ன கூட்டம் இழுத்துக்கினு போனத அவனுங்க பேச மாட்டானுங்க. பீடி பீடியாவே இருக்கட்டும். தேசப்பனுக்கு வேலதான் போவும், கேசு கெடையாது. அதுக்கு நா கேரண்டி."

"தேசப்பன் பீடி பிடிப்பதில்லை."

"எனக்குத் தெரியாதா? இந்த வயசுல அவனுக்கு வேற எவன் வேல குடுப்பான்னும் தெரியும். ஆனா அவன் ஒராளு தலைவரே. சங்கம்னா ஆயிரத்தி எரநூறு பேரு. நீங்க வுழுந்தா சங்கம் வுழும்." வடைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "அவனே ஒத்துக்கினான். நேத்து கேட்டேன். தலைவருக்கு நல்லதுன்னா சரின்றான்."

அவர் சொன்னதில் பிழையேதும் புலப்படவில்லை. ஆடிப் பெருங்கூட்டத்துக்கு எந்தத் திடலைக் கேட்பது என்று பேசினோம். தட்டில் மூன்று வடை இருந்தன. நான் இரண்டு தின்றேன்.

வைகாசி 2, வெள்ளி

பள்ளி ஆய்வகத்தைத் தூய்மை செய்யப் போன நிறைமதி ஓர் அட்டைப் பெட்டியுடன் திரும்பினாள். அதனுள் பொன்போல் மின்னும் கல் ஒன்று. இதுவும் இரும்பும் கந்தகமும் சேர்ந்ததே. நிலத்தடியில் நெடுங்காலம் கிடந்து படிகமானது. விளிம்புகளில் வெண்பொடி பூத்திருந்தது. பெட்டியின் அடிப்புறம் கருகினாற்போல் இற்றிருந்தது.

"போன மழையில அலமாரிக்குள்ள தண்ணி ஒழுகியிருக்கு. ஈரம் பட்டதுல கல்லு வேர்த்து அமிலம் கசிஞ்சிருக்கு. பேர் எழுதி ஒட்டின சீட்டையே தின்னுடுச்சு பாருங்க." பழைய பல்துலக்கியால் பொடியைத் தட்டினாள். "உங்க சேறு காயக் கூடாது, என் கல்லு நனையக் கூடாது. ரெண்டும் ஒரே குடும்பந்தான்."

பிறகு, தட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்:

"சட்டைய ஊறப் போட்டுட்டேன். பையில ஒரு சீட்டு இருந்துது. உங்க மேசையில வச்சிருக்கேன். நான் பிரிக்கல."

"எதற்கு எடுத்தாய்?"

"பத்து நாளா அந்தச் சட்டையப் பாத்துக்கிட்டுத்தான சாப்பிடறீங்க. அதான் எடுத்தேன்."

மேசையில் நான்காக மடித்த சீட்டு இருந்தது. பறந்துவிடாமல் அதன்மேல் மைக்கூட்டை வைத்திருந்தாள். இரவு அங்கே உட்காராமல் கூடத்தில் படுத்தேன்.

வைகாசி 3, காரி

எழுதிவிடுகிறேன்.

மேடையில் பேசுபவனுக்குச் சீட்டு வரும். ‘முடிக்கவும்’ என்றிருக்கும், அல்லது ‘வட்டச் செயலாளர் பெயர் விடுபட்டது’ என்றிருக்கும். நான் படிப்பதில்லை. சீட்டை வாங்கி, கூட்டத்துக்குக் காட்டி, பிரிக்காமல் சட்டைப் பையில் இடுவேன். மக்கள் கைதட்டுவார்கள். முப்பத்தோராண்டாக அதற்குக் கைதட்டுகிறார்கள். நான் பேசுகையில் எவரும் எழுந்து போவதில்லை என்பதும் எங்கள் சங்கத்தின் வழக்கம். அவ்வழக்கத்தை உண்டாக்கியவன் நான்.

அன்று கால் மணி நேரம் பேசுவதாக அறிவிப்பு. தேசப்பன் குவியலை நன்றாக நனைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். அந்த வெயிலில் அந்த ஈரம் அரைமணி தாங்கும். கால் மணிக்கு அது போதும். அவர் கணக்கில் பிழையில்லை.

அரைமணி கடந்தபின் சீட்டு வந்தது. காட்டினேன், பையில் இட்டேன், கைதட்டினார்கள். சற்றுப் பொறுத்து நடுவரிசையிலிருந்து மாசிலாமணி எழுந்தார். குனிந்தபடி ஓரமாக நடந்தார். நான் ஒலிவாங்கியில் சொன்னேன்:

"அதோ ஒருவர் புறப்பட்டுவிட்டார். மேலாளரின் தேநீர் ஆறிவிடுமே என்ற கவலை போலும்."

கூட்டம் சிரித்தது. முதல்வரிசையில் தேசப்பனும் பாதி எழுந்திருந்தார். சிரிப்பைக் கேட்டதும் என் முகத்தைப் பார்த்தார். நான் பேச்சைத் தொடர்ந்தேன். அவர் அமர்ந்துகொண்டார்.

மாசிலாமணி தனியே போய்க் குழாயை இழுத்திருக்கிறார். அதற்குள் குவியலின் உச்சி உலர்ந்து கனன்றிருக்கிறது. பக்கத்திலேயே கலனின் வாய். உள்ளே எண்ணெயாவி. நான் வெண்புகையைப் பார்த்தேன். பார்த்தபின்னும் சொற்றொடரை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.

இன்று காலை மைக்கூட்டை நகர்த்திச் சீட்டைப் பிரித்தேன்.

‘அண்ணே, சேறு காயுது. தேசப்பன மட்டும் அனுப்புங்க. ரெண்டு நிமிசம் போதும். மாசி.’

‘த’ வின் வால் வரிக்குக் கீழே இறங்கி நிற்கிறது.

வைகாசி 4, ஞாயிறு

திருவரசு வீட்டுக்குப் போய் ஒலிப்பதிவை ஒருமுறை கேட்டேன். என் குரல் நன்றாக இருந்தது. அந்த இடத்தில் சிரிப்பு ஒன்பது நொடி நீடிக்கிறது. சிரிப்புக்கு அடியில் செருப்பு தேயும் ஒலி மெலிதாகக் கேட்கிறது. யாருடைய செருப்போ.

அழிக்க வேண்டாம், எனக்கு ஒரு படி வேண்டும் என்றேன்.

"நாளிக்கு எட்டாம் நம்பர் டேங்க்ல சேறு எடுக்க ஆரம்பிக்கிறானுங்க தலைவரே. அங்கியும் ஒரே ஓஸ்பைப்புதான். அத வச்சி நாம எவ்ளோ பேரம் பேசலாம் தெரியுமா? எல்லாத்தியும் கெடுக்கப் போறீங்க."

"நாளைப் பன்னிரண்டரைக்கு வாயிற்கூட்டம் அறிவியுங்கள்."

"எவ்ளோ நேரம்?"

முதன்முறையாக அவர் அப்படிக் கேட்டார். "சிறிது" என்றேன். கைப்பேசியில் பதிவை அனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு கன்னியம்மாள் வீட்டுக்குப் போனேன். இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொற்றொடரை அப்படியே சொன்னேன். சீட்டைக் கொடுத்தேன். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சற்று நேரமாயிற்று. படித்து முடித்து மீண்டும் முதலிலிருந்து படித்தாள்.

"அவருக்கு டீயே புடிக்காதுண்ணே" என்றாள்.

பெரிய இறாலை ஒருபுறமும் சிறியதை ஒருபுறமும் போட்டாள். நான் எழுந்தபோது சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இத நாளிக்கு அந்த ஆபீசருகிட்ட காட்டிட்டு என்னாண்ட குடுத்துடு. எல்லார் முன்னாடியும் சொல்லுவியா?"

"சொல்வேன்."

"சுருக்கா சொல்லு. இழுக்காத."

வீட்டுக்கு வந்து சட்டையைத் தேய்த்து வைத்தேன். புகை நாற்றம் போய்விட்டிருந்தது.

வைகாசி 5, திங்கள்

பன்னிரண்டரைக்குப் பேச வேண்டியதைக் காலையிலேயே எழுதி வைக்கிறேன். தாளைப் பார்த்தே படிப்பேன்.

தோழர்களே, உடன்பிறந்தாரே,

மாசிலாமணியைக் கொன்ற பீடி என்று ஒன்று இல்லை. அன்று தேசப்பன் கழிப்பறைக்குப் போகவில்லை. இதோ இந்த மண்ணில், முதல்வரிசையில், எனக்கு நேரெதிரே அமர்ந்திருந்தார். நீங்கள் இருநூறு பேரும் பார்த்தீர்கள். என்னைக் காப்பாற்றவே அவர் பொய் சொன்னார். அந்தப் பொய்யில் நான் பத்து நாள் குடியிருந்தேன்.

அன்றன்றே அகற்ற வேண்டிய சேற்றை மூன்று நாள் கலன் வாயிலில் போட்டுவைத்தது நிறுவனம். நனைக்கப் போக வேண்டியவரை நாற்பத்தேழு மணித்துளி உட்கார்த்தி வைத்தவன் நான். போகத் துணிந்த ஒரே மனிதரை எள்ளியவன் நான். சிரித்தவர்கள் நீங்கள். அவர் எனக்கு எழுதிய சீட்டு இது. படிக்கிறேன், கேளுங்கள்.

இந்தச் சீட்டும் அன்றைய ஒலிப்பதிவும் மூன்று மணிக்கு உசாவல் அலுவலரின் மேசைக்குப் போகின்றன. தேசப்பன் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் நிறுவனத்தின் பெயரையும் என் பெயரையும் எழுதச் சொல்லப் போகிறேன். அன்று முதல்வரிசையில் இருந்தவர்கள் என்னோடு வந்து கண்டதைச் சொல்லுங்கள். தலைவர் பதவியை இங்கேயே விடுகிறேன். அதைப் பற்றி எவரும் பேச வேண்டாம்.

அது மூன்று மணிக்கு. இப்போது உச்சி வெயில். எட்டாம் கலனின் வாயிலில் காலையில் அள்ளிய சேறு குவிந்து கிடக்கிறது. அங்கே குழாய் பிடிக்க வேண்டியவர் இங்கே என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் முடிப்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்திருங்கள். போங்கள். காயவிட்டால் எரியும். தண்ணீர் ஊற்றுங்கள்.